நான்காம் நாள் அவிழ்ந்த முடிச்சு

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 27. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். போன திங்கட்கிழமை சொந்த ஊரில் கீழ் வலது கடைவாய்ப் பல்லை எடுத்தார்கள். பல் படுத்த வாக்கில் இருந்ததால் ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லை இரண்டாக வெட்டி எடுத்ததாகச் சொன்னார்கள். மூன்று தையல். ஏழாம் நாள் பிரிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நான்காம் நாள் மெஸ்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்கும்போது ஒரு தையல் அறுந்து கறுப்பு நூல் நாக்கில் தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஈறு விலகி ஒரு குழி தெரிகிறது, உள்ளே வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் ரத்தம் வந்து நின்றுவிட்டது. வீக்கம் இருக்கிறது, ஆனால் வலி முதல் நாள் அளவுக்கு இல்லை. டாக்டருக்கு போன் செய்தால் எடுக்கவில்லை. அம்மா, "காத்துப் பட்டா சீழ் வச்சிரும், உடனே போய் மறுபடி தையல் போடு" என்கிறார். அறை நண்பன் நூலைப் பிடித்து இழுத்துவிடச் சொல்கிறான். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள தம்பி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நூலை இழுக்க வேண்டாம். மறுபடி தையல் போடவும் ஓட வேண்டாம். ரத்தம் நின்றுவிட்டது, வலி குறைந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்காம் நாளில் இந்த இரண்டும் சரியாக இருந்தால், மூன்றில் ஒரு தையல் போனது பெரிய விஷயமில்லை. பல் எடுத்த டாக்டரிடம் மட்டும் எப்படியும் சொல்லிவிடுங்கள். போன் எடுக்காவிட்டால் குழியைப் படம் எடுத்து, என்றைக்குப் பல் எடுத்தது, எப்போது தையல் அறுந்தது, வலி எப்படி இருக்கிறது என்று நாலு வரி எழுதி வாட்ஸ்அப்பில் போட்டுவையுங்கள். ஓ.பி. நேரத்தில் எங்கள் இரண்டு கையும் யாராவது ஒருவர் வாய்க்குள் இருக்கும். போன் மேசை டிராயருக்குள் கிடந்து கத்தும். ராத்திரிதான் எடுத்துப் பார்ப்போம்.

சரி, இனி காரணத்துக்கு வருகிறேன். காரணம் தெரியாவிட்டால் நைட் ஷிஃப்டின் நடுவில் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று மறுபடியும் டார்ச் அடிப்பீர்கள்.

கிழிந்த சட்டையைத் தைப்பதுபோல ஈறைத் தைக்கிறோம், தையல் விட்டால் சட்டை கிழிந்தமாதிரிதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. படுத்திருந்த கடைவாய்ப் பல்லை எடுத்த பிறகு தாடை எலும்பில் ஒரு பள்ளம் மிஞ்சும். அந்தப் பள்ளத்தில் ரத்தம் நிரம்பி, உறைந்து கட்டியாகும். ஆறுவதெல்லாம் அந்த ரத்தக் கட்டியிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குள் மெல்லிய ரத்தக் குழாய்கள் வளர்ந்து நுழையும், புதுச் சதை வரும், மூன்று நான்கு வாரத்தில் மேலே ஈறு மூடும், அதன் பிறகு மாதக்கணக்கில் மெதுவாக எலும்பு நிறையும். தையலுக்கு இதில் உள்ள வேலை, கீறி விலக்கிய ஈறை அதன் இடத்தில் உட்காரவைப்பதும், முதல் இரண்டு மூன்று நாளைக்கு ரத்தக் கட்டியை அசையாமல் காப்பதும்தான். கான்கிரீட் போடும்போது அடிக்கிற சென்ட்ரிங் பலகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் ஊற்றிய அன்றைக்கே பலகை சரிந்தால் ஆபத்து. இறுகத் தொடங்கிய பிறகு ஓரத்தில் ஒரு பலகை கழன்றால் மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்த காயத்தை முழுக்க இறுக்கித் தைக்காமல், கொஞ்சம் திறந்தே விடுகிற சர்ஜன்கள் நிறையப் பேர். உள்ளே ஊறும் நீர் வெளியேற வழி இருந்தால் வீக்கமும் வலியும் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நானே கூடுமானவரை இரண்டு தையலோடு நிறுத்திக்கொள்கிறவன். அப்படிப் பார்த்தால், உங்களுக்கு இப்போது தெரிகிற திறப்பை ஒருவேளை நான் முதல் நாளே விட்டு அனுப்பியிருப்பேன்.

தயிர்சாதத்தின் மேல் பழி போடாதீர்கள். நான்காம் நாள் தையல் அறுவதற்கு வேறு கதை உண்டு. அறுவை முடிந்த பிறகு வீக்கம் கூடிக்கொண்டே போய் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வரும். ஈறு உப்பும், நூல் அதே நீளத்தில் இருக்கும். அவித்த முட்டையை நூலால் அறுப்போமே, அதேபோல நூல் ஈறின் ஓரத்தை மெல்ல அறுத்துக்கொண்டு வரும். அப்புறம் வீக்கம் வடியத் தொடங்கியதும் தையல் தொளதொளவென்று ஆகிவிடும். அந்த நேரத்தில் நாக்கு சும்மா இருக்காது. ஒரு நாளைக்கு நூறு தடவை அங்கே போய்த் தட்டிப் பார்க்கும். கடைசியில் ஒரு வாய் தண்ணீர் போதும், கழன்றுவிடும். எங்கள் பக்கத் தப்பும் சில சமயம் உண்டு. ஈறின் விளிம்புக்கு மிக அருகில் ஊசியை ஏற்றினாலோ, வராத ஈறை வம்படியாக இழுத்துக் கட்டினாலோ தையல் நிற்காது. வாயைத் திறக்கவே முடியாத நோயாளிக்குக் கடைக்கோடியில் முடிச்சுப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களிடம் புலம்பலாம். அது உங்களுக்கு உதவாது.

உங்கள் நூல் கறுப்பு என்றால் அது பெரும்பாலும் பட்டு நூலாக இருக்கும். அது கரையாது, நாங்கள்தான் பிரிக்க வேண்டும், அதனால்தான் ஏழாம் நாள் வரச் சொன்னார்கள். வேடிக்கையைப் பாருங்கள், நாங்கள் எடுத்தாலும் "தையல் பிரிக்கிறது", தானாகப் போனாலும் "தையல் பிரிஞ்சிருச்சு". மூன்று நாள் முன்னால் நடந்தால் மட்டும் பதறுகிறோம். கரையும் நூல் போட்டவர்களுக்கு இந்தப் பதற்றம் இன்னும் அதிகம். ஊதா நிறத்திலோ நிறமில்லாமலோ வரும் விக்ரில் முழுதாகக் கரைய எட்டு முதல் பத்து வாரம் ஆகும் என்பது உடம்புக்குள் போடும் தையலுக்கான கணக்கு. வாய்க்குள் எச்சிலும் மெல்லுதலும் சேர்ந்து ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்று வாரத்தில் உதிர்த்துவிடும். கேட்கட் என்னும் குடல் நூல் இன்னும் சீக்கிரம், ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. பெயரில்தான் பூனை இருக்கிறது, நூல் ஆட்டுக்குடலிலோ மாட்டுக்குடலிலோ செய்வது. ஒரு பெரியவர் தையல் போட்டு முடித்த பிறகு இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சுத்த சைவம் நான் என்று என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன்.

தொங்குகிற நூலை ஏன் இழுக்கக் கூடாது? உங்கள் கண்ணுக்குத் தெரிகிற நுனி அறுந்திருக்கலாம், மறுமுனை இன்னும் ஈறுக்குள் முடிச்சோடு இருக்கலாம். மூன்று தையலும் தனித்தனியா, ஒரே நூலில் தொடர்ச்சியாகப் போட்டதா என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் நண்பனுக்கும் தெரியாது. இழுத்தால் நல்லபடியாக இருக்கிற தையலும் சேர்ந்து வரும், ரத்தக் கட்டியும் பெயர்ந்து வரலாம். நகவெட்டியால் நூலை வெட்டப்போய் நூலோடு ஈறையும் கன்னத்தையும் நறுக்கிக்கொண்டு வந்த ஒரு கல்லூரி மாணவனுக்கு, நான் முதலில் போட்ட தையலைவிட அதிகத் தையல் போட வேண்டிவந்தது. நூல் நாக்கில் உரசித் தொந்தரவு தாங்கவில்லையா? ஓசூரிலேயே ஏதாவது பல் மருத்துவமனைக்குப் போங்கள். கத்தரித்துவிட இரண்டு நிமிடம், மரத்துப்போக ஊசிகூடத் தேவைப்படாது. சாப்பிடும்போது நூல் தானாகக் கழன்று வயிற்றுக்குள் போய்விட்டால் கவலையில்லை, போகிற வழியில் போய்விடும்.

குழிக்குள் தெரியும் அந்த வெள்ளை. இதைப் பார்த்துத்தான் அதிகம் பேர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது சீழ் இல்லை. ரத்தக் கட்டியின் மேல் படிகிற ஃபைப்ரின் என்னும் புரதப் படலம் அது. முழங்காலில் சிராய்த்தால் காய்ந்து பொருக்குத் தட்டுகிறதல்லவா? வாயில் எப்போதும் ஈரம் இருப்பதால் அது காயாமல் வெள்ளையாக, இளமஞ்சளாக, வழவழவென்று ஊறிப்போய்க் கிடக்கும். அவ்வளவுதான். துடைத்தால் வராது, வரவழைக்கவும் கூடாது. காதுகுடையும் பட்ஸ், பல்குத்தும் குச்சி, பிரஷ்ஷின் நுனி எதையும் குழிக்குள் விடாதீர்கள். சோற்றுப் பருக்கை மாட்டியிருந்தால் கொப்பளிக்கக் கொப்பளிக்க அதுவே வந்துவிடும். சீழ் என்றால் சும்மா ஒட்டிக்கொண்டு இருக்காது. அழுத்தினால் வழியும், வாயில் உப்புக் கரிக்கும், நாற்றம் அடிக்கும், கூடவே வலியும் வீக்கமும் ஏறும்.

அம்மா சொன்ன "காத்துப் பட்டா" விஷயத்துக்கு வருகிறேன். அவர் காலில் படுகிற காயத்தை நினைத்துச் சொல்கிறார், அந்த அனுபவம் பொய்யில்லை. ஆனால் வாய் என்பது நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் குடியிருக்கிற இடம். தையல் இருந்தபோதும் அவை காயத்தைச் சுற்றித்தான் இருந்தன, காற்றும் எச்சிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தன. அப்படியிருந்தும் வாய்ப் புண் தோல் புண்ணைவிடச் சீக்கிரம் ஆறுகிறது. முகத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம், எச்சிலிலும் காயத்தை ஆற்றுகிற பொருள்கள் இருக்கின்றன. அதனால் காற்றுக்குப் பயந்து மூட வேண்டியதில்லை. அம்மா மஞ்சள்பொடி வைக்கச் சொன்னால் மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். மஞ்சள்பொடியோ காப்பித்தூளோ குழிக்குள் போனால் ஈரத்தில் களிம்பாகி, வெளியே வராமல், ஆறுவதற்கே இடைஞ்சலாக உட்கார்ந்துகொள்ளும். அதைச் சுரண்டி எடுக்கும்போது நல்ல ரத்தக் கட்டியும் போய்விடும். வலிக்கு மாத்திரையை ஈறோரம் அடக்கிக்கொள்வதும், கிராம்புத் தைலத்தை நேராகக் குழியில் ஊற்றுவதும் அதே வகைதான், சதை வெந்துபோகும்.

மறுபடி தைத்தால்தான் என்ன என்று கேட்கலாம். நான்காம் நாள் ஈறு நனைந்த காகிதம் மாதிரி இருக்கும். ஊசி ஏறும், முடிச்சை இறுக்கினால் மறுபடி கிழியும். கிழிந்தால் முன்பைவிடப் பெரிய இடைவெளி. அதோடு நாலு நாள் ஆன காயத்தை இறுக்கி மூடினால் உள்ளே இருப்பதை உள்ளேயே அடைத்துவைத்த கதையாகிவிடும். நாங்கள் மறுபடி தைக்கிற சந்தர்ப்பங்களும் உண்டு. பல் எடுத்த அன்றோ மறுநாளோ எல்லாத் தையலும் விட்டு ஈறு மடங்கித் தொங்கினால், ரத்தம் நிற்காவிட்டால், எலும்பு பெரிதாக வெளியே தெரிந்தால். இம்பிளான்ட் என்னும் செயற்கைப் பல்வேர் வைக்கும்போது எலும்புத்தூள் நிரப்பி மேலே சவ்வு போட்டுத் தைத்திருந்தால் அந்தத் தையல் பிரிவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தூள் கொட்டினால், சவ்வு வெளியே தெரிந்தால் அன்றே போய்க் காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்குப் பெரிய அறுவை செய்து, வேறு இடத்துச் சதை வைத்துத் தைத்தவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் இந்தப் பதிலில் உள்ள ஆறுதல் எதையும் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம், அறுவை செய்த மருத்துவமனையை உடனே கூப்பிட வேண்டும்.

மேல் தாடைப் பல் எடுத்தவர்களுக்கும் தனியாக ஒன்று. மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. பல்லோடு அதன் தரை உடைந்து திறந்துவிட்டால் ஈறை இழுத்து மூடித் தைப்போம். அந்தத் தையல் விட்டால் குடிக்கிற தண்ணீர் மூக்கில் வரும், மூக்கைச் சிந்தினால் காற்று வாய்க் குழியில் புஸ்ஸென்று கேட்கும். இது இருந்தால் மூக்கைச் சிந்தாமல், தும்மலை அடக்காமல் வாயைத் திறந்து தும்மி, நேராக சர்ஜனிடம் போக வேண்டும். உங்களுக்குக் கீழ்ப் பல், அதனால் இந்தப் பயம் இல்லை.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன? நூலைப் பார்ப்பதை விடுங்கள். வலி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நேற்றைவிட இன்றைக்குக் குறைவா, இன்றைவிட நாளைக்குக் குறைவா? ஆம் என்றால் குழி எவ்வளவு கோரமாகத் தெரிந்தாலும் அது ஆறிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் குறைந்த வலி, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திடீரென்று திரும்பிவந்து விண்விண்ணென்று காதுவரை தெறித்தால், மாத்திரைக்கும் அடங்காமல் தூக்கத்தைக் கெடுத்தால், வாயில் கெட்ட வாடையும் சேர்ந்தால் அது டிரை சாக்கெட். ரத்தக் கட்டி பெயர்ந்தோ கரைந்தோ போய், எலும்பு மூடாமல் காய்ந்து நிற்கிற நிலை. 1896-இலேயே இதற்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு வரும். கீழ்க் கடைவாய்ப் பல்லை அறுவை செய்து எடுத்தவர்களுக்கு அதைவிட நிறைய. பொதுவாகக் காய்ச்சலும் இருக்காது, சீழும் இருக்காது, வலி மட்டும் மனிதனை உட்காரவிடாது. வைத்தியம் எளிது. உப்புநீரால் குழியைக் கழுவி, கிராம்பிலிருந்து எடுக்கிற யூஜினால் கலந்த மருந்துத் திரியை வைப்போம். பெரும்பாலும் நாற்காலியை விட்டு இறங்கும்போதே முகம் தெளிந்துவிடும். மேலே கிராம்புத் தைலம் கூடாது என்று சொல்லிவிட்டு இங்கே கிராம்பா என்று கேட்காதீர்கள், அளவிலும் கலவையிலும்தான் வித்தியாசம். இதற்கு ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிச் சாப்பிடுவதில் பலனில்லை.

நீங்கள் சிகரெட் பிடிப்பீர்களா என்று எழுதவில்லை. பிடிப்பவர் என்றால் டிரை சாக்கெட்டுக்கு நீங்களே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோலத்தான். புகை ரத்தக் குழாயைச் சுருக்கும், உறிஞ்சுகிற இழுப்பு ரத்தக் கட்டியை அசைக்கும். குறைந்தது ஒரு வாரம் தொடாதீர்கள். புகையிலை, ஹான்ஸ், பான் எதுவும் ஆகாது. உறிஞ்சும் விஷயத்தில் இளநீர்க் கடைக்காரர் ஸ்ட்ரா நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லி டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மாத்திரைச் சீட்டில் மெட்ரோனிடசோல் என்னும் ஆன்டிபயாட்டிக் இருந்தால், அது முடிந்து இரண்டு மூன்று நாள் வரை மதுவும் கூடாது.

அடுத்தது ரத்தம். எச்சிலில் இளஞ்சிவப்பாக ஓடுவது ரத்தப்போக்கு இல்லை, ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலில் கலந்தால் வாயெல்லாம் ரத்தம் மாதிரித்தான் தெரியும். சிவப்பாக ஊறி, கட்டி கட்டியாக வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சுத்தமான காஸ் துணியைக் கொஞ்சம் நனைத்து, உருட்டி, சரியாகக் காயத்தின் மேல் வைத்துப் பல்லால் அழுத்திக் கடித்துக்கொள்ளுங்கள். முப்பது நிமிடம். நடுநடுவே எடுத்து நின்றுவிட்டதா என்று பார்க்கக் கூடாது. பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உறையத் தொடங்கியதைப் பிய்த்துவிடுகிறீர்கள். துப்பிக்கொண்டே இருக்கவும் கூடாது. காஸ் இல்லையென்றால் நனைத்து ஆறிய டீ பேக் ஒன்றைக் கடிக்கலாம், தேயிலையின் துவர்ப்பு ரத்தத்தை உறையவைக்க உதவும். டீத்தூளை அப்படியே அள்ளி வைத்துவிடாதீர்கள். இரண்டு தடவை கடித்தும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் புதிதாக ரத்தம் வந்தால் அநேகமாகக் கிருமித் தொற்று, அதையும் அன்றே காட்ட வேண்டும்.

தொற்றுக்கு அடையாளம், நான்காம் நாளுக்குப் பிறகும் வீக்கம் வடியாமல் ஏறுவது, காய்ச்சல், சீழ், வாய் திறப்பது நாளுக்கு நாள் சுருங்குவது. இதில் உயிருக்கே ஆபத்தான வகை ஒன்று உண்டு. தாடைக்கு அடியில் கல் மாதிரி இறுகி வீங்கும், நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும், எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகும், குரல் மாறும், மூச்சுத் திணறும். லுட்விக் ஆஞ்சைனா என்பார்கள். அதற்குப் பல் டாக்டர் எப்போது வருவார் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்லாமல் விட முடியவில்லை.

சாப்பாடு. மெஸ் சாப்பாட்டில் எனக்குப் பயம் சாதத்தைவிடத் தாளிப்பின் மேல்தான். கடுகும் உளுத்தம்பருப்பும் குழிக்குள் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டா. இன்னும் ஒரு வாரத்துக்குத் தாளிக்காத தயிர்சாதம், குழைந்த ரசம்சாதம், இட்லியை சாம்பாரிலோ பாலிலோ ஊறவைத்தது, கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டை, வாழைப்பழம், முள்ளில்லாத மீன் என்று ஓட்டுங்கள். இடது பக்கமாக மெல்லுங்கள். வெதுவெதுப்பு போதும், ஆவி பறக்க வேண்டாம். முட்டை, மீன் சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும் என்று பத்தியம் சொல்லுவார்கள். காயம் ஆறப் புரதம்தான் வேண்டும், தாராளமாகச் சாப்பிடுங்கள். பொரி, மிக்சர், எள்ளுருண்டை, முறுக்கு பக்கம் மட்டும் போகாதீர்கள்.

சுத்தத்துக்கு, ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும். கொப்பளிப்பது என்றால் நம் ஊரில் தொண்டையிலிருந்து உறுமிக் குழாயடியில் பீச்சுவது என்று அர்த்தம். அது வேண்டாம். வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் அப்படியும் இப்படியும் சாய்த்துவிட்டு, வாயைத் திறந்து தானாக வழியவிடுங்கள். டாக்டர் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதியிருந்தால் காலை இரவு, பல் துலக்கிக் குறைந்தது அரை மணி நேரம் கழித்து. பேஸ்ட்டின் நுரை அதன் வேலையைக் கெடுத்துவிடும். பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள், காயத்தை ஒட்டிய பல்லை மட்டும் தடவினாற்போல் துலக்குங்கள். ஒரு வாரம் முடிந்த பிறகும் உணவு சிக்கினால், ஊசியைக் கழற்றி எறிந்த 10 மில்லி சிரிஞ்சில் உப்புநீர் எடுத்து மெதுவாகப் பீச்சிக் கழுவலாம். ஆனால் அதை உங்கள் டாக்டர் ஒருமுறை குழியைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அசிக்ளோபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் தனியாக 650 மில்லிகிராம் பாராசிட்டமாலையும் போட்டால் பாராசிட்டமாலின் அளவு மிகவும் கூடிவிடும். அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஆன்டிபயாட்டிக்கை எழுதிய நாள்வரை முடியுங்கள், தையல் போனதென்று மருந்துக்கடையில் புதிதாக ஒன்று கேட்டு வாங்காதீர்கள்.

உங்களுக்கு 27 வயது, வேறு நோய் எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. அதனால்தான் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபாரின் சாப்பிடுகிறவர், எலும்புத் தேய்மானத்துக்கு அல்லது எலும்பில் பரவிய புற்றுநோய்க்கு சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டவர், தாடைக்குக் கதிர்வீச்சு எடுத்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், என் முதல் வரியே "இன்றைக்கே போய்க் காட்டுங்கள்" என்றுதான் இருந்திருக்கும். ரத்தம் வருகிறதே என்று அவர்கள் இதய மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது. வாயில் கசியும் ரத்தத்தை நிறுத்த எங்களிடம் பல வழி உண்டு. மாத்திரையை நிறுத்தியதால் மூளையிலோ இதயத்திலோ அடைப்பு வந்தால் அது வேறு கதை.

மீதி இரண்டு தையலைப் பிரிக்க ஊருக்கே போக வேண்டும் என்பதில்லை. லீவு கிடைக்காவிட்டால் ஓசூரில் எந்தப் பல் மருத்துவரும் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடுவார். அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருந்தால் அங்கேயும் செய்வார்கள். எக்ஸ்ரேயையும் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோய், மூன்று தையல் போட்டது, ஒன்று நான்காம் நாளே போனது என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் இல்லாத மூன்றாவதைத் தேடுவார். கீழ் உதடோ நாக்கோ இன்னும் மரத்தாற்போல் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அதற்குத் தையலோடு சம்பந்தமில்லை, பல்லுக்கு அருகில் போகிற நரம்போடு சம்பந்தம், அதைக் குறித்துவைத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், சீழ் வைக்கவில்லை என்று. ஊரிலிருந்து ஏதாவது கொடுத்தனுப்ப நினைத்தால் இந்தத் தடவை கேழ்வரகு மாவாக இருக்கட்டும். முறுக்கு அடுத்த மாதம் வரட்டும்.